தொட்டி மேடும் ரிவர்ஸ் அக்காவும்

தொட்டி மேடு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மலையில்லை, குன்றுகூட இல்லை. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தொடங்கி, அச்சாபீஸ் பக்கத்தில் ஒரு வளைவு வளைந்து, உச்சியில் தண்ணீர்த் தொட்டியடியில் போய் முடிகிற ஒரு தெரு, அவ்வளவுதான். இதெல்லாம் ஒரு ஏற்றமா என்று கேட்பார்கள், ஏறிப் பார்க்காதவர்கள். ஏறிப் பார்த்தவர்கள் பாதியில் அச்சாபீஸ் மதிலைப் பிடித்துக்கொண்டு நாக்குத் தள்ள நிற்பார்கள். அந்தத் தெருவைப் போட்ட மகராசன் யாரோ, சுற்றி வளைத்துப் போடச் சோம்பல்பட்டு, ஏணியைச் சாய்த்து வைத்தாற்போல் போட்டுவிட்டுப் போய்விட்டான். வளைவுக்கு மேலே இருக்கிறதே ஓர் இடம், அதுதான் மோசம். ஒரு பக்கம் பள்ளிக்கூடத்து மதில். இன்னொரு பக்கம் வீட்டுக்காரர்கள் வரிசையாக நிறுத்திவைத்த கார்கள். நடுவில் ஒரே ஒரு வண்டி போகிற இடுக்கு, ஏற்றமும் அங்கேதான் உச்சம். பஸ் அந்த இடத்துக்கு வந்துவிட்டால், அதுவரை சம்பந்தி வீட்டைத் திட்டிக்கொண்டு வந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த பஸ்ஸை இருபது வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிறவள் ரிவர்ஸ் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, நல்ல பெயர்தான். ஆனால் டிப்போவில் அதைச் சொல்லிக் கேட்டால் சம்பளம் போடுகிற கிளார்க்கே கொஞ்சம் யோசிப்பார்.

இந்தப் பெயர் வந்தது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில். அதற்கு முன்னால் அந்த டிப்போவில் பெண் டிரைவர் கிடையாது. வேண்டுமென்றே மேட்டு ரூட்டை அவள் தலையில் கட்டிவிட்டு, டீ குடிக்கிற சாக்கில் நாலைந்து பேர் தொட்டியடியில் போய் நின்றுகொண்டார்கள், வேடிக்கை பார்க்க. மேட்டுக்கென்று டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிற வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்குகிறவன்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஏறுகிறவன் வளைவிலேயே இரண்டு நீள ஹார்ன் அடித்துவிடுவான். அதற்கு ஏத்த ஹார்ன் என்று பெயர். போர்டு கிடையாது, சட்டம் கிடையாது, ஆனால் மீறினவன் டிப்போவில் தலைகாட்ட முடியாது. இதை அந்தப் புண்ணியவான்கள் ஒருவர்கூட அவளுக்குச் சொல்லவில்லை. எதிரே ஒரு பால் வேன் இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் வயதானவராக இருக்கவே, மரியாதைக்கு இவள் பஸ்ஸை நிறுத்தி ஓரமாக இடம் கொடுத்தாள். நிறைய ஆளோடு நின்ற பஸ்ஸை அந்த ஏற்றத்தில் திரும்பக் கிளப்புவது லேசுப்பட்ட காரியமா? முன்னால் போக வேண்டியது பின்னால் போய், வளைவிலிருந்த அச்சாபீஸ் கேட்டில் சாவகாசமாக உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை, கேட்டுக்குத்தான் இடுப்பு ஒடிந்தது.

மறுநாள் டிப்போ மேனேஜர் கூப்பிட்டு, "வேணும்னா சமதளத்துல ஒரு ரூட் தர்றேம்மா. ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

"எதுக்கு சார்? மேடும் இங்கதான் இருக்கப் போவுது, நானும் இங்கதான் இருக்கப் போறேன். இதே ரூட்டைக் குடுங்க."

கேட்டு வாங்கினாள். அன்றிலிருந்து அவள் பஸ் அந்த மேட்டில் ஒரு சாண்கூடப் பின்வாங்கியதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆரம்பத்தில் எரிந்து விழுந்து பார்த்தாள். பிறகு, ஊர் வாயை மூடுவதைவிட பஸ் ஓட்டுவது சுலபம் என்று விட்டுவிட்டாள்.

இத்தனை வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஓட்டினால் முதுகு சும்மா இருக்குமா? ஐம்பதைத் தாண்டியதும் அது கணக்குத் தீர்க்க ஆரம்பித்தது. இறங்கி நிமிர்ந்து நிற்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. வலிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், "சைக்கிள் மிதிங்க ஆன்ட்டி, நல்லது" என்றாள். அவள் சொன்னது அறைக்குள் சுவரைப் பார்த்தபடி மிதிக்கிற, நகராத சைக்கிளை. இவள் போய் வாங்கி வந்தது ரேஸ் சைக்கிள். தொட்டியடியில் கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டர் ஆசையாக வாங்கி, இரண்டு முறை மேடு ஏறப் பார்த்துத் தோற்று, கிளினிக் சுவரில் அழகுக்கு மாட்டிவைத்திருந்த சைக்கிள் அது. விரல் தடிமனில் டயர், ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில், மணிகூடக் கிடையாது. ஷூவைப் பெடலில் வைத்து அழுத்தினால் க்ளிக் என்று பூட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் குதிகாலை வெளியே திருப்ப வேண்டும். வீட்டில் அதற்கு ஆட்டுக்கொம்பு என்றே பெயராகிவிட்டது.

அவள் கணவருக்கு அதைப் பார்த்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துப் பிரிவில் வேலை. அவர் மேசைக்கு வருகிற ஒவ்வொரு கதையும் ‘அன்றைக்குக் காலையில் நன்றாகத்தான் கிளம்பினார்’ என்று தொடங்குவது. குளியலறையில் வழுக்கினவர், நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டினவர், சும்மா நடந்து போய்த் தடுக்கினவர் என்று மனிதர்கள் விழுகிற வகை அத்தனையும் அவருக்கு அத்துப்படி. வீட்டில் ஸ்டூல் மேல் யாரையும் ஏற விடமாட்டார். அப்படிப்பட்டவருக்கு இப்படியொரு பெண்டாட்டி.

கொஞ்ச நாள் ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டிப் பழகினாள். முதுகு வலி ஓடியே போயிற்று. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் அந்த மேட்டை ஏறி இறங்குகிறவளுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கால் அரித்தது. ஒருநாள் விட்டாள். வேகமாக வந்து, பெரிய பல்சக்கரத்திலேயே ஏறி, பாதியில் மூச்சு முட்டின பிறகுதான் கியரை மாற்றினாள். இழுவையிலிருந்த செயின் கழன்றுகொண்டது. சைக்கிள் நின்றது, ஆனால் கால் பெடலில் பூட்டியிருந்தது. குதிகாலைத் திருப்ப வேண்டும் என்பது அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? பீரோ சாய்கிற மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரிக்கும்வரை பஸ் ஓட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு கணவர் அவளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. அவள் மாடிப்படி இறங்கினால் கீழே வந்து நிற்பார். வாளி தூக்கினால் ஓடி வந்து வாங்கிக்கொள்வார். ஒருநாள் அவரும் மகளும் சேர்ந்து ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். பேட்டரி சைக்கிள். சும்மா காலை வைத்தால் போதும், மோட்டார் இழுத்துக்கொண்டு போகும். குண்டு டயர், அகலமான சீட், முன்னால் ஒரு கூடை.

"கூடை வேறயா?" என்றாள் ரிவர்ஸ் அக்கா.

"சாமான் கீமான் வைக்கலாம்மா" என்றாள் மகள். அவள் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் வேறு பக்கம் பார்த்தாள்.

"என்னையும் அதுலயே உட்கார வெச்சுத் தள்ளிட்டுப் போங்களேன்."

"இந்தா, கோபப்படாதே" என்றார் கணவர். "இதுலயும் மேடு ஏறலாம். ஜம்முனு ஏறும். உனக்கு என்ன, மேலே போகணும், அவ்வளவுதானே?"

"மேலே போகணும்னா எனக்கு பஸ் இருக்கே!"

அன்றைக்கு வீட்டில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வயசைப் பாரு என்றார் அவர். வயசைப் பார்த்துத்தான் அவசரப்படுகிறேன் என்றாள் இவள். ஆட்டுக்கொம்பை விற்றுவிடலாம், கேட்டுக்கொண்டு ஆள் இருக்கிறான் என்று அவர் வாய்தவறிச் சொல்லிவிட, தனக்குத் தெரியாமல் ஆள்வரை பார்த்தாகிவிட்டதா என்று அவள் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். கடைசியில் மகள்தான் பஞ்சாயத்துப் பேசினாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு முறை. தரையில் கால் ஊன்றாமல் தொட்டிவரை ஏறிவிட்டால் பேட்டரி சைக்கிள் கடைக்குத் திரும்பிப் போகும், அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஊன்றிவிட்டால் ஆட்டுக்கொம்பு போகும், அம்மா கூடையோடு போக வேண்டும். மகள் கீழே பங்கிலிருந்து வளைவுவரை பார்ப்பாள். வளைவுக்கு மேலே அப்பா பார்ப்பார்.

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பார்ப்பேன்" என்றார் அவர்.

"பாருங்க. அதுதான் எனக்கும் வேணும்."

அவள் அதைக் கோபத்தில் சொன்னாலும் உண்மை அதுதான். சைக்கிள் போனால் வருத்தம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் உடையப் போகிற கண்ணாடி ஜாடியைப் பார்க்கிற மாதிரி தினமும் அவர் தன்னைப் பார்ப்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கல்யாணமான புதிதில், அவள் பஸ் டிரைவர் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது, அவர் வீட்டில் அத்தனை பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர் ஒருவர்தான், இவள் எதையும் ஓட்டுவாள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர். அந்த மனிதர் எங்கே போனார் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இடையில் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் போய் ஒத்திகை பார்த்தாள். இந்த முறை எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். கீழேயே சின்னக் கியருக்கு வந்துவிட்டாள். அவசரப்படவில்லை. வளைவைத் தாண்டி இடுக்கிலும் நுழைந்துவிட்டாள். அப்போது பின்னால் பஸ் சத்தம் கேட்டது. முதல் கியரில் முனகுகிற அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். ஆள் நிறைய இருக்கிறது, நின்றுகொண்டு வருகிறார்கள், இப்போது வேகம் குறைந்தால் டிரைவர் பாடு திண்டாட்டம். யோசிக்கக்கூட இல்லை. கை தானாக ஹேண்டிலை ஓரத்துக்குத் திருப்பியது, குதிகால் தானாகத் திரும்பியது, இரண்டு கார்களுக்கு நடுவில் ஒதுங்கிக் காலை ஊன்றிவிட்டாள். பஸ் கடந்து போனது. ஜன்னலில் மீசை தலையை நீட்டி, "தேங்க்ஸ்க்கா!" என்றான். அதே ரூட்டை அவளோடு முறை மாற்றி ஓட்டுகிற டிரைவர் அவன், டிப்போவில் மீசை என்றே பெயர். முகத்தில் பாதி மீசை, மீதி சிரிப்பு.

வேறு எந்தப் பைத்தியக்காரியாவது இந்தத் தப்பைச் செய்வாளா? கால் வலித்து நிற்கலாம், மூச்சு வாங்கி நிற்கலாம். பஸ்ஸுக்கு இரக்கப்பட்டு நின்றால் என்ன சொல்வது? அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே நின்று தன்னைத் தானே நாலு வார்த்தை கேட்டுக்கொண்டாள். இருபது வருஷம் ஏறுகிற வண்டியை நிறுத்தாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், தானும் ஏறுகிற வண்டிதான் என்பதை எப்படி மறந்தாள்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்குள் பந்தய விஷயம் டிப்போ முழுக்கப் பரவியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டாள். கணவர் முதலிலேயே பஸ் பிடித்து மேலே போய்விட்டார். போகும்போது, "சாதா ஷூ போட்டுக்கோயேன்" என்று கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூட்டுகிற ஷூ இல்லாமல் அந்த ஏற்றத்தில் காலை மேலே இழுக்க முடியாது, அழுத்தத்தான் முடியும். அது பாதி வேலைதான்.

"அம்மா, முடியலைன்னா..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"வாயை மூடிக்கிட்டு வளைவைப் பாரு."

ஆரம்பம் நல்லபடியாகவே இருந்தது. பங்கு, பூட்டிய கடைகள், தபால்பெட்டி. சின்னக் கியரில் கால் சுலபமாகச் சுற்றியது. பிறகு சாலை முகத்தைக் காட்ட ஆரம்பித்தது. தொடை சூடானது. மூச்சு வாய்க்கு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாத பள்ளமும் ஒட்டுப்போட்ட தாரும் டயர் வழியாகக் கைக்கு வந்தன. வளைவில் எல்லோரும் உள்பக்கமாக ஒட்டித் திரும்புவார்கள், வழி குறைவு என்று. அங்கே ஏற்றம் சுவர் மாதிரி நிற்கும். அவள் பஸ்ஸைத் திருப்புகிற மாதிரியே அகலமாக வெளிப்பக்கம் போய்த் திரும்பினாள். அச்சாபீஸ் கேட் பக்கத்தில் வந்து போனது. மகளின் கண்ணிலிருந்து மறைந்தாள்.

இடுக்கில் நுழைந்தபோது காலில் ஈயத்தை ஊற்றிவிட்ட மாதிரி இருந்தது. சீட்டிலிருந்து எழுந்துகொண்டாள். உடம்பின் மொத்த எடையையும் ஒரு பெடலில் போட்டால் சக்கரம் அரைச் சுற்று போனது. பிறகு அடுத்த பெடல். நெஞ்சு காதுக்குள் அடித்தது. முன்சக்கரம் குடிகாரன் நடை நடந்தது. நடந்து போனால்கூட இதைவிட வேகமாகப் போகலாம், ஆனால் நடப்பவர்கள் இதில் சேர்த்தி இல்லை.

அப்போது பின்னால் இரண்டு நீள ஹார்ன். ஏத்த ஹார்ன்.

கை ஓரத்துக்குத் திரும்பியேவிட்டது. ‘மாட்டேன்’ என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொன்னாளா, மூச்சுவிட்டாளா தெரியாது. ஹேண்டிலைப் பிடித்து இழுத்துச் சாலைக்கு நடுவில் கொண்டுவந்தாள். வரட்டும். முனகட்டும். நின்றுபோனால் போகட்டும், கிளப்பத் தெரியாதவனுக்கு எதற்கு மேட்டு ரூட்? இருபது வருஷமாக அவளுக்குப் பின்னால் ஒருவரும் காத்திருந்ததில்லை. இன்றைக்கு ஒரு பஸ் முழுக்கக் காத்திருக்கட்டும்.

தலையைத் தூக்கினாள். எதிரே லாண்டரி வேன் ஒன்று இடுக்குக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தது. பின்னால் பஸ்ஸில் உயரத்தில் உட்கார்ந்திருந்த மீசைக்குக் கார்களுக்கு மேலாக அது முன்பே தெரிந்திருக்கிறது. ஹார்ன் அவளுக்கல்ல, வேனுக்கு. வேன்காரன் பஸ்ஸுக்கு வழிவிடுவதாக விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினான். பஸ் ஏறுவது அவன் கண்ணில் பட்டது, பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் ஆடிக்கொண்டிருப்பதை அவன் ஒரு வண்டியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவள் ஒதுங்கிவிடுவாள் என்று நினைத்து, பள்ளிக்கூடத்து கேட்வரை போய் ஒதுங்கலாம் என்று இன்னும் கொஞ்சம் இறங்கினான்.

அவள் ஒதுங்கவில்லை. ஒதுங்கினால் நிற்க வேண்டும், நின்றால் கால். வேனின் முகப்பைப் பார்த்து நேராக மிதித்தாள். பயம் இல்லாமல் இல்லை. மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்காக மிதிப்பதை நிறுத்துவதா?

"ஏறுற வண்டி!" என்று கத்தினாள். தொண்டையில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

வேன் கிறீச்சிட்டு நின்றது. வேன்காரன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பின்னாலிருந்து மீசை மறுபடி இரண்டு நீள ஹார்ன் அடித்தான். வேன் மெல்லப் பள்ளிக்கூடத்து கேட் வாய்க்குள் மூக்கை நுழைத்து ஒதுங்கிக்கொண்டது. ஆட்டுக்கொம்பு அதை உரசாத குறையாகக் கடந்தது. பஸ்ஸுக்குள் யாரோ கைதட்டினார்கள், யாரோ நேரமாவதாகத் திட்டினார்கள். இரண்டும் அவளுக்கு ஒன்றுதான்.

இடுக்கு முடிந்ததும் சாலை கொஞ்சம் இரக்கம் காட்டியது. அவள் சீட்டில் உட்கார்ந்தாள். தொட்டியின் நிழல் முன்சக்கரத்தில் விழுந்தது, பிறகு அவள் மேல். பஸ் அவளைத் தாண்டிப் போனது. மீசை ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டு, தொட்டியடியைப் பார்த்துக் கத்தினான்: "கால் ஊனல மாமா! நான் சாட்சி! கடைசிவரைக்கும் ஊனல!"

ரிவர்ஸ் அக்கா தொட்டிச் சுவரில் கையை வைத்தாள். அப்புறம்தான் குதிகாலைத் திருப்பிக் காலைக் கீழே வைத்தாள். கண்ணில் வியர்வை. உடம்பெல்லாம் நடுங்கியது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. தலையைத் திருப்பிக் கணவரைத் தேடினாள்.

அவர் தொட்டிச் சுவரைப் பார்த்தபடி, சாலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார். மீசையின் கத்தலுக்குத்தான் மெல்லத் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"வந்துட்டியா?" என்றார். "வந்துட்ட! அப்பாடா."

அவளுக்கு மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. "நீங்க பார்க்கலையா?"

"வளைவுல உன் தலை தெரிஞ்சுச்சு. அந்த வேன் இறங்கறதையும் பார்த்தேன். அதுக்கு மேல என்னால முடியலம்மா. பரவாயில்ல, மீசைதான் சொல்றானே. நீ சொன்னாலும் போதும். நான் நம்பறேன். அந்தப் பேட்டரி வண்டியை நாளைக்கே திருப்பிடறேன், சரியா? நீ ஜெயிச்சுட்ட. வா, வீட்டுக்குப் போகலாம்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. கோபம்தான் கொஞ்சம் கூடுதல்.

"விழுந்தவங்க கதையா படிச்சுப் படிச்சு உங்களுக்கு இப்படி ஆயிடுச்சு" என்றாள். "ஏறினவங்க யாரும் உங்க ஆபீசுக்கு வந்து எழுதிக் குடுக்க மாட்டாங்க. அதை நேர்ல நின்னுதான் பார்க்கணும்."

சைக்கிளைத் திருப்பினாள்.

"எங்க போற?"

"கீழே."

"எதுக்கு? நான்தான் நம்பறேன்னு சொல்றேனே!"

"நீங்க நம்ப வேணாம். பாருங்க, போதும்."

"ஏய், உன் காலைப் பாரு, எப்படி நடுங்குதுன்னு! இப்ப மறுபடி ஏற முடியுமா? பாதியில ஊனிட்டா?"

ஷூ பெடலில் க்ளிக் என்று பூட்டிக்கொண்டது.

"ஊனினா, ஊனினதையும் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் பிரேக்கைத் தளர்த்தினாள். சைக்கிள் இடுக்குக்குள் இறங்கி, அச்சாபீஸ் வளைவில் மறைந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார், கேட்க ஆளில்லை. பிறகு தொட்டிச் சுவரை விட்டு நகர்ந்து, சாலைக்கு நடுவில் வந்து, வளைவைப் பார்த்து நின்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை, துடைக்கிற நேரத்தில் அவள் வந்துவிட்டால் என்ன செய்வது.